கடற்பட்டினம் செல்வோர்க்கு
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் பேசுவதே வழக்கம். சென்ற ஆண்டு சிலப்பதிகாரம் கேட்டோம். அதற்கு முந்திய ஆண்டு திருக்குறள் கேட்டோம். இவ்வாண்டு, பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைவண்டி நிலையத்துச் சாளரத்தின் பின்னே அமர்ந்து சீட்டுக் கொடுத்துவரும் ஓர் எழுத்தரைப் பேச அழைத்திருக்கிறீர்கள். இலக்கியம் பேச நாம் துணியோம். வண்டியும் வழியும் நமக்குத் தெரியும். ஆகவே, சென்னைக்குச் செல்வோர் அறியவேண்டியவை என்னும் பொருளை நாமே செயலாளரிடம் கேட்டுப் பெற்றோம். கேட்டுப் பெற்றதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

புகைவண்டி என்றோம். நம் தடத்தில் இன்று மின்சார இஞ்சின்களே வண்டியை இழுக்கின்றன. புகை போய்ப் பல ஆண்டுகள் ஆயின. பெயர் மட்டும் நாவில் நிற்கிறது. பொறுத்தருள்க.

திருப்பதியில் குடியிருப்போர்க்கு ஒரு விந்தையான பழக்கம் படிந்துவிடுகிறது. நாடெங்கும் உள்ளவர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள்; எங்கே தங்குவது, எங்கே முடியிறக்குவது, மலைக்குப் பேருந்து எங்கே என்று நம்மைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வழி சொல்லிச் சொல்லி, வழி சொல்லுபவர் நாம், கேட்பவர் பிறர் என்ற எண்ணம் நமக்கு ஊறிவிட்டது. அதனால் நாமே வேற்றூர் செல்லும்போது கேட்க நாணுகிறோம். அதிலும் சென்னை என்றால் சொல்லவே வேண்டாம். "நம்முடைய தமிழ் பேசுகிற ஊர்தானே, மூன்று மணி நேரத்துப் பயணந்தானே, இதற்கு என்ன யோசனை?" என்று புறப்பட்டுவிடுகிறோம்.

அந்த நினைப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமைந்த நாள் முதல் 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது வரை, இப்பகுதி மக்களுக்குச் சென்னையே தலைநகர். வழக்குக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அங்கேதான் சென்றார்கள். 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. அந்த வழக்குரையை இங்கே நாம் மீண்டும் எடுக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: நம்மில் முதியோர்க்குச் சென்னை அண்டை வீடு, நம் பிள்ளைகளுக்கோ அது அயலூர். வேலூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் தொழில் தேடி நாம் இங்கே வந்தோம். நம் பிள்ளைகள் இங்கே பிறந்து, தெலுங்கில் படித்து, மலையைப் பார்த்து வளர்ந்தார்கள். கடலை அவர்கள் படத்தில் கண்டதன்றி நேரில் கண்டதில்லை. அவர்களை மனத்திற்கொண்டே பேசுகிறோம்.

முதலில் வண்டி. திருப்பதியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சப்தகிரி, கருடாத்ரி ஆகிய வண்டிகளை அறியாதார் இவ்வவையில் இரார். ரேணிகுண்டா, புத்தூர், நகரியை அடுத்த ஏகாம்பரகுப்பம், திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர், பெரம்பூர் என்று வழி செல்கிறது. சித்தூர் அன்பர்களுக்குக் காட்பாடி சென்று வண்டி மாறுவதே எளிது. முன்பதிவில்லாச் சீட்டைக் காலையில் வாங்கிவைத்துக்கொண்டு மாலையில் ஏறலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு அச்சீட்டு மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப்பின் புறப்படும் முதல் வண்டிக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். அதிவிரைவு வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. சாதாரணச் சீட்டோடு அதில் ஏறிவிட்டு, "சீட்டு இருக்கிறதே" என்று பரிசோதகரிடம் வாதிட்டுப் பயனில்லை. இவ்வழக்கில் நாம் நம் இனத்தார் பக்கம் நிற்க இயலாதவர்கள்.

பயணத்தின்போது பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுங்கள். ஒவ்வொரு நிலையத்தின் மஞ்சள் பலகையிலும் ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து அவ்வூர் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். சித்தூர் 300 மீட்டருக்கு மேல் நிற்கும் ஊர். திருப்பதி அதில் ஏறத்தாழப் பாதி. சென்னையை நெருங்க நெருங்க அந்த எண் இறங்கி ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும். நாம் மேட்டு நிலத்தார், செல்வது கடலோடு சமமாகக் கிடக்கும் ஊர் என்பதைப் பிள்ளைகள் அந்தப் பலகையிலிருந்தே அறிந்துகொள்வார்கள். நாம் சொல்லப்போகும் வெயிலும் மழையும் அலையும் அந்த ஒற்றை இலக்கத்தோடு தொடர்புடையவை.

சென்ட்ரல் நிலையத்தின் செங்கற் கட்டடம் 1873இல் எழுந்தது. 2019 முதல் அதன் பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் மத்திய நிலையம். பேச்சு வழக்கில் எல்லார்க்கும் சென்ட்ரல்தான். இன்னும் நம் சீட்டு முறையில் அதன் குறியெழுத்து எம்.ஏ.எஸ். என்பதே. ஊரின் பெயரை 1996இல் மாற்றினார்கள். அந்த மூன்று எழுத்தில் பழைய மதராஸ் ஒளிந்துகொண்டிருக்கிறது.

வெளியே வந்ததும் நம்மவர் திகைப்பது இயல்பே. நிலையத்தின் அருகிலேயே மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் வண்டிகள் புறப்படுகின்றன. அவை ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் செல்வன. தாம்பரம் செல்ல வேண்டுமானால் சாலையைக் கடந்து பார்க் நிலையத்துக்குப் போக வேண்டும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் செல்ல அதனை அடுத்த பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் தொடர்வண்டி. பூமிக்கடியிலோ மெட்ரோ, எழும்பூர் செல்வோர்க்கு அது ஒரே ஒரு நிறுத்தம், விமான நிலையத்துக்கும் மாறாமல் செல்லலாம். பெயர்களைக் கேட்கத் தலை சுற்றும். பெட்டியைக் கீழே வைத்து, இரண்டு நிமிடம் நின்று, சீருடை அணிந்த ஒருவரைக் கேட்டுவிட்டுப் பிறகு நடப்பதே நல்லது. தாமாக வந்து "எங்கே போகணும்?" என்பாரிடம் கேட்பது அவ்வளவு நன்றன்று.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வேலையில் சேர்ந்த புதிது. சென்னையில் உறவினர் ஒருவர், "மாலையில் கடற்கரைக்கு வந்துவிடு, அங்கே பார்ப்போம்" என்றார். புகைவண்டி ஊழியர் அல்லவா, நமக்கு வழி கேட்க மனம் வருமா? வரைபடத்தைப் பார்த்தோம், சென்னைக் கடற்கரை என்று ஒரு நிலையமே இருக்கக் கண்டோம். நேரே அங்கே சென்று இறங்கினோம். மணலும் இல்லை, அலையும் இல்லை. சாலைக்கு அப்பால் துறைமுகத்து மதில் நீண்டு நின்றது. சரக்கு லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. தேநீர்க் கடைக்காரர் ஒருவரிடம், "ஐயா, கடல் எங்கே?" என்றோம். அவர் நம் தோளில் தொங்கிய புகைவண்டித் துறைப் பையைப் பார்த்தார். நம் முகத்தைப் பார்த்தார். "கடல் அந்தச் சுவத்துக்குப் பின்னால இருக்குது நைனா, ஆனா உன்னை உள்ளே விடமாட்டாங்க" என்றார். உறவினர் மெரினாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்து வீடு திரும்பினார். ஆகவே அன்பர்களே, மணற்கடற்கரை காண விரும்புவோர் கடற்கரை நிலையத்தில் இறங்கற்க. பறக்கும் தொடர்வண்டியில் திருவல்லிக்கேணி அல்லது கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடக்கவும். சென்னைக்காரர் 'நைனா' என்றால் அஞ்சவும் வேண்டாம். அது நம் ஊர்த் தெலுங்குச் சொல்லே அங்கே குடியேறி இருப்பது, நாம் இங்கே குடியேறி இருப்பதைப்போல.

பேருந்தில் செல்வோர்க்கும் ஒரு மாற்றம் தெரியவேண்டும். 2018 அக்டோபர் முதல் ஆந்திரப் பக்கத்துப் பேருந்துகளுக்கு மாதவரத்தில் தனி நிலையம் ஏற்பட்டிருக்கிறது. கோயம்பேடு என்றே மனப்பாடம் செய்துவைத்திருப்போர் திருத்திக்கொள்க. தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பேருந்துகளோ 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்துக்குப் பெயர்ந்தன. மாதவரம் நகரின் வடக்கே, கிளாம்பாக்கம் தெற்கே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லவே பெரும்பொழுது கழியும். திருப்பதியிலிருந்து தஞ்சைக்குத் திருமணத்துக்குச் செல்லும் குடும்பத்தார் இதைக் கணக்கில் வைக்காமல் முகூர்த்தத்தைத் தவறவிட்டதை நாம் அறிவோம். தானியங்கி மூன்று சக்கர வண்டியில் ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துவிடுங்கள். ஏறியபின் பேசுவது வாதம், ஏறுமுன் பேசுவது வணிகம்.

நகரப் பேருந்துகளின் முகப்பில் ஊர்ப் பெயர் தமிழில் எழுதியிருக்கும். இங்கே ஒரு சங்கடம். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், வாசிப்பதில்லை. பெற்றோரோடு அழகாகத் தமிழ் பேசிக்கொண்டு நிற்கும் கல்லூரி மாணவன், பலகையில் மயிலாப்பூர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "என்ன போட்டிருக்கிறது அப்பா?" என்று கேட்பதைச் சென்னை நிறுத்தம் ஒன்றில் நாமே கண்டோம். அந்த மகன் நம் மகன். வழித்தட எண் துணைசெய்யும் என்பது மெய்யே. ஆயினும் ஞாயிறு காலையில் சங்கத்தில் நடக்கும் எழுத்து வகுப்பில் அதற்கு அடுத்த வாரமே அவனைச் சேர்த்தோம்.

மருத்துவத்தின் பொருட்டுச் செல்வோரே நம் சாளரத்தில் மிகுதி. அவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள்: நம் ஊரில் ஸ்விம்ஸ் இருக்கிறது, சித்தூருக்கு அண்மையில் வேலூரில், 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கெல்லாம் கேட்டறிந்த பின்னரும் சென்னை செல்ல வேண்டுமென்றால் செல்லுங்கள். சென்ட்ரலுக்கு எதிரிலேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. 1664இல் கோட்டைக்குள் தொடங்கி, 1772 முதல் இப்போதுள்ள இடத்தில் இயங்குவது. புறநோயாளிகளைக் காலையில் பார்ப்பார்கள். ஆகவே நண்பகலில் சென்று சேரும் வண்டியில் நோயாளியை ஏற்றி ஒரு நாளை வீணாக்காதீர்கள். பழைய சீட்டுகள், படங்கள், ஆய்வுத் தாள்கள் யாவற்றையும் ஒரே உறையில் இட்டுக் கொண்டுசெல்லுங்கள். ஆந்திர அரசின் மருத்துவ அட்டை நீங்கள் செல்லும் மருத்துவமனையில் ஏற்கப்படுமா என்பதைப் புறப்படுமுன் கேட்டுத் தெளிக. மேசைக்கு முன்னால் நின்று தெளிவது மிகவும் துன்பம்.

இனி வெயில். "திருப்பதி வெயிலைக் கண்டவர்க்குச் சென்னை வெயில் எம்மாத்திரம்?" என்பார் உளர். அளவுகோலில் பார்த்தால் நம் வெயிலே கூடுதலாக இருக்கும் நாள்கள் பல. வேறுபாடு காற்றின் ஈரத்தில் இருக்கிறது. நம் ஊரில் வியர்வை உடனே உலர்கிறது. உலரும்போது உடலின் சூட்டை எடுத்துச் செல்கிறது. கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. சூடு உடலிலேயே தங்குகிறது. வழியும் வியர்வையோடு உப்பும் போகிறது. ஆகவே வெறுந்தண்ணீரோடு நில்லாமல் உப்பிட்ட மோர், இளநீர், கோடையில் நுங்கு என்று அடிக்கடி பருகவேண்டும். முதியோரையும் கைக்குழந்தைகளையும் காலை பதினொரு மணிக்குமேல் மூன்று மணி வரை வெளியே இழுத்துச் செல்லாதீர்கள்.

சென்னைக்கு இயற்கை அளித்த விசிறி கடற்காற்று. காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும்; நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே புகும்; புகுந்த சிறிது நேரத்தில் வெப்பம் தணியும். மே, சூன் மாதங்களில் மேல்காற்று வலுத்துவிட்டால் கடற்காற்று பிந்தும். சில நாள் வராமலே நின்றுவிடும். அந்நாள்களில் ஊர் உலையாகும். 2003 மே 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவாயிற்று. கத்திரி வெயிலில் பட்டணம் பார்க்கச் செல்வதைக் கூடுமானவரை தவிர்க்கவும். டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி வரை உள்ள காலமே சுற்றிப் பார்க்க ஏற்றது.

ஆனால் நம்மவர் செல்வது மே மாதத்தில்தான். பள்ளி விடுமுறை அப்போது. பிள்ளைகள் கடல் காணத் துடிப்பதும் அப்போது. நாம் இப்பொருளைக் கேட்டுப் பெற்ற காரணத்துக்கு இப்போது வருகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஐந்து இளைஞர்கள் நம் சாளரத்துக்கு வந்தார்கள். பதினெட்டு, இருபது வயதுக்குள் இருக்கும். ஐந்து சீட்டுக் கேட்டார்கள். மாலை வண்டியில் திரும்பிவிடுவதாகப் பேசிக்கொண்டார்கள். அவர்களில் இளையவனாகத் தோன்றியவன், சில்லறையைப் பெற்றுக்கொண்டே, "சார், கடலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?" என்று கேட்டான். கோயிலும் தரிசன வரிசையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அல்லவா? மற்ற நால்வரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். "அது எப்போதும் திறந்தேதான் இருக்கும், தம்பி" என்றோம். மறுநாள் அதே சாளரத்துக்கு ஒரு பெரியவர் வந்து சென்னைக்கு ஒரு சீட்டுக் கேட்டார். அவரோடு வந்தவர் விவரம் சொன்னார். கேள்வி கேட்ட பிள்ளையின் தந்தையார் அவர். சென்றபோது வண்டியில் சென்றார். திரும்பியபோது மகனோடு ஆம்புலன்ஸில் திரும்பினார்.

நாம் கொடுத்த சீட்டில் பிழை இல்லை. கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் அப்பிள்ளை கேட்ட கேள்விக்கு நாம் கூறிய விடை பிழையானது. அதைத் திருத்திக் கூறவே வந்தோம்.

மெரினா அழகிய மணற்பரப்பு. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் துறைமுகம் கட்டப்பட்டபோது, தெற்கிலிருந்து வடக்கே கடல் இழுத்துச் செல்லும் மணலைத் துறைமுகத்துச் சுவர் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் தென்புறத்தில் சேர்ந்து இவ்வளவு அகலமான கரையாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கத்துக் கரையோ மணல் வரவின்றி அரிக்கப்பட்டது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். அதாவது அது உலாவுவதற்கென்று அமைந்த இடம். குளிப்பதற்கு அமைந்ததன்று, அங்கே கடலில் இறங்கிக் குளிப்பதற்குத் தடையும் இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்பீர்கள். கிணற்றிலும் ஏரியிலும் கற்ற நீச்சல் அது. கிணற்று நீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் நீர் நில்லாது. அங்கே கரையிலிருந்து சில அடி சென்றதும் தரை சரேலென்று தாழ்கிறது. முழங்கால் அளவு நீரில் நிற்பவனை அலை வந்து மோதுகிறது, அலை திரும்பும்போது காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகிறது, அவன் விழுகிறான், எழுமுன் அடுத்த அலை. இதைவிடக் கொடியது இழுப்பு நீரோட்டம். கரையில் வந்து குவிந்த நீர் ஓரிடத்தில் வழி பிடித்து ஆறுபோல் கடலுக்குத் திரும்பி ஓடும். அவ்விடத்தில் அலை உடையாமல் நீர் அமைதியாகத் தோன்றும். அறியாதவர், "இங்கே அலை குறைவு, இங்கே இறங்கலாம்" என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் வலிமை கெட்டு மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்த இயலாவிடில் மிதந்தபடி கையை உயர்த்திக் கூவ வேண்டும்.

இன்னும் ஒன்று. இவ்வகை விபத்துகளில் ஒருவன் விழ, அவனைப் பிடிக்க மற்றொருவன் பாய, இருவரும் போவது உண்டு. நண்பன் மூழ்கக் கண்டால் பாயாதீர்கள். கயிறு, மூடியிட்ட வெறும் நீர்க்குடுவை, மிதக்கும் எதுவாயினும் எறியுங்கள். காவலரையும் மீனவரையும் கூவி அழையுங்கள். 108க்கும் 112க்கும் பேசுங்கள். கடல் திடீரென்று வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கித் தரை தெரியுமானால், வேடிக்கை பாராமல் மேட்டை நோக்கி ஓடவேண்டும் என்பதை 2004 டிசம்பர் 26 நமக்குக் கற்பித்தது.

அந்நாள் முதல், இளைஞர் கூட்டமாக வந்து சென்னைக்குச் சீட்டுக் கேட்டால், "கடலில் இறங்காதீர்கள், கால் நனைப்பதோடு நில்லுங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவருகிறோம். சிலர் தலையசைக்கிறார்கள். ஒருவன், "சீட்டு மட்டும் கொடுங்கள் சார், புத்தி வேண்டாம்" என்றான். பின்னால் நிற்பவர்கள் வரிசை நகரவில்லை என்று முணுமுணுக்கிறார்கள். சாளரத்தில் ஒருவருக்கு நாம் ஒதுக்கக்கூடியது அரை நிமிடம். அரை நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே அரை மணியில் சொல்கிறோம். வீட்டில் நீங்கள் சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்.

மாலையில் மெரினாவுக்குச் செல்லுங்கள். மணலில் அமர்ந்து தேங்காய், மாங்காய் கலந்த பட்டாணிச் சுண்டல் உண்ணுங்கள். விளக்கேற்றிய பின் 1977இல் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கம் ஒளியைச் சுழற்றுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கடலின் இன்பம் அங்கேயே நிறையக் கிடைக்கிறது.

மழையைப் பற்றியும் சொல்லவேண்டும். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை; அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொட்டிவிடுகிறது. தட்டையான ஊராதலால் நீர் வடிய நேரமாகும். கடலும் பொங்கியிருந்தால் ஆற்று நீரை உள்ளே ஏற்காது. 2015 டிசம்பர் 1, 2 நாள்களில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் வழியிலிருந்த ஏரிகளின் நீரும் அடையாற்றில் புரண்டு ஊருக்குள் புகுந்தன. விமான நிலையம் சில நாள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின்போதும் நகரம் நீரில் நின்றது. நம் வண்டிகளுக்கு முதலில் தடை ஏற்படும் இடம் பேசின் பாலத்துக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள பாலம். அங்கே நீர் அபாய அளவைத் தொட்டால், சென்ட்ரலுக்குச் செல்லும் வண்டிகள் வழியிலே நிறுத்தப்படும், அல்லது ரத்தாகும். ஆகவே மழைக்காலத்தில் புறப்படுமுன் 139க்குப் பேசிக் கேட்டுக்கொள்க. "நம் ஊரில் வானம் தெளிவாக இருக்கிறதே" என்ற வாதம் செல்லாது. 2021 நவம்பரில் அதே வங்கக் கடலின் தாழ்வழுத்தம் நம் திருப்பதித் தெருக்களையும் வெள்ளக்காடாக்கியதை மறந்திருக்கமாட்டீர்கள்.

அவ்வளவு மழை பெய்யும் ஊரில் குடிநீர்த் தட்டுப்பாடும் உண்டு என்பது வெளியூரார்க்கு நம்பக் கடினம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வற்றிப்போயின. உறவினர் வீட்டில் தங்குவோர் இதை நினைவிற்கொண்டு குளியலைச் சுருக்குக. இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1983இல் இரு மாநில முதல்வர்கள் என்.டி. ராமாராவும் எம்.ஜி. இராமச்சந்திரனும் செய்த உடன்பாட்டின்படி, 1996 முதல் கிருஷ்ணை நீர் கண்டலேற்றிலிருந்து கால்வாய் வழியே நம் பக்கத்து நிலத்தைக் கடந்து ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையில் நுழைந்து பூண்டியை அடைகிறது. நகரி மலையில் பெய்யும் மழையும் நகரியாற்றின் வழியே கொசத்தலையாற்றில் கலந்து அதே பூண்டிக்குச் செல்கிறது. சென்னை உறவினர், "எங்கள் ஊர்த் தண்ணீர்" என்று பெருமை பேசினால் பொறுமையோடு கேட்டுக்கொள்ளுங்கள். மறுமொழி உங்களிடம் இருக்கிறது.

திரும்பும்போது சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். நகரத்து நெரிசல் நம் கணக்குக்குக் கட்டுப்படாது. நடைமேடை எண்ணை ஒளிப்பலகையில் பார்த்துச் செல்க. காலையில் வந்து இறங்கிய நடைமேடையிலேயே மாலை வண்டியும் நிற்கும் என்று அங்கே போய் அமர்ந்து வண்டியைத் தவறவிட்ட பெரியவர்கள் இவ்வவையிலேயே இருவர் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டோம்.

சங்கத்து நூலகச் சுவரில் சென்னை நகரின் படம் ஒன்றை ஒட்டியிருக்கிறோம். சென்ட்ரலையும் பார்க், பார்க் டவுன் நிலையங்களையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறோம். கடற்கரை நிலையத்துக்கு அருகே 'இங்கே கடல் இல்லை' என்று எழுதியிருக்கிறோம். மெரினாவை ஒட்டி ஒரு கோடு இழுத்து, 'இதற்கு மேல் இறங்காதே' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருக்கிறோம். பள்ளிகள் மூடும் ஏப்ரல் இறுதியிலிருந்து ஞாயிறு மாலைதோறும் ஆறு மணிக்கு அப்படத்தின் முன் அமர்ந்திருப்போம். செல்ல இருப்பவர்கள், முக்கியமாக இளைஞர்கள், வந்து கேட்கலாம். அங்கே வரிசை இல்லை.